துணி அனுப்பாத வீடு

வீட்டில் பாதி என்னுடையது. மறுபாதி அண்ணனுடையது. அண்ணிக்கு அதில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. அதை அடமானம் வைக்கலாமா என்று கேட்டவள் அண்ணி.

தட்டுகளைக் கழுவி, மேசையைத் துடைத்து, துடைத்த துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உன் வீட்டை பேங்க்ல வைக்கணும்," என்றாள் என்னிடம். நம்ம வீடு என்று சொல்லவில்லை.

அண்ணன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன். எதைக் கேட்டாலும் முதலில் அவன் கால் பிரேக்குக்குத்தான் போகும்.

"முதலாளியம்மா அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பியாச்சு," என்றான். "வீட்டோட என்னையும் சேர்த்து வச்சிடேன்."

"உங்களை வாங்கிக்க பேங்க்காரங்க நம்மகிட்ட காசு கேப்பாங்க."

"பாத்தியா? கல்யாணத்தப்ப எனக்கு இருந்த மார்க்கெட் என்ன, இப்ப இருக்கிற மார்க்கெட் என்ன!"

அண்ணி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கீழ் வீட்டில் இருந்தார்கள். நான் மாடியில். ஒரு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். ஜன்னலை ஒட்டி ஒரு வேலை மேசை. நான் பல்செட் செய்பவள். டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். லேபில் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் பதித்துத் திருப்பி அனுப்புவோம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதான காலத்தில் யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம் என்பதற்கு எனக்கு இருந்த ஒரே உத்தரவாதம் அந்த மாடி.

அண்ணிக்குச் சலவைக் கடை. வாடகை இடத்தில் ஆரம்பித்தாள். முதலில் மெஷின்களை ஈடு வைத்து அந்தக் கடை இடத்தையே வாங்கினாள். அந்தக் கடன் அடைந்ததும் கடையை ஈடு வைத்துச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறைகள் வாங்கினாள். அவற்றை வாடகைக்கு விட்டாள். முன்னால் வாங்கியது பின்னால் வாங்குவதற்கு ஜாமீன் நிற்கும். நாங்கள் படுத்து எழும் வீட்டை மட்டும் அவள் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்ததில்லை.

இந்த முறை கட்டடம் பெரிது. ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில், கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு போர்ஷன்கள். சொந்தக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மகனோடு போய் இருக்கப்போவதால் விற்கிறார். கட்டடத்தையும், கடையையும், இரண்டு அறைகளையும் சேர்த்து வைத்தாலும் பேங்க் கேட்ட ஈடு நிறையவில்லை.

"கட்டடம் நல்ல கட்டடமா?" என்றேன்.

"அதோட துணி எனக்குத் தெரியும்."

அவள் கட்டடம் பார்க்கும் விதம் அது. தரகர்கள் வாசலைக் காட்டுவார்கள். அவள் அங்கிருந்து வரும் துணியைப் பார்ப்பாள். ஒழுகும் வீட்டுத் திரைச்சீலையில் புழுக்க வாடை இருக்கும். எத்தனை தடவை அலசினாலும் இஸ்திரிப் பெட்டி பட்டதும் கிளம்பும். குழாய் துருப்பிடித்த வீட்டு வெள்ளைத் துணி காபி நிறத்துக்குப் போகும். சுவர் ஈரமாக இருந்தால் அலமாரியில் மடித்து வைத்த போர்வையின் ஒரு விளிம்பு மட்டும் கறுத்து வரும். சந்தைக்குப் பின்னால் வாங்கிய அறைகளை இப்படித்தான் தேர்ந்தெடுத்தாள். இன்றுவரை அங்கே ஒரு சுவரில்கூடக் காரை பொரிந்ததில்லை.

ஆஸ்பத்திரித் தெருக் கட்டடத்தின் துணியைப் பல வருடங்களாக வெளுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ்களின் சீருடைகள், படுக்கை விரிப்புகள், குழந்தைத் துணிகள். "கொஞ்சம் துரு இருக்கு. குழாய் மாத்தணும். மத்தபடி சுத்தம்," என்றாள்.

"சரி அண்ணி. வைங்க," என்றேன்.

"இப்ப சொல்லாதே. மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. தவணை நின்னா என்ன ஆகும்?"

"லெட்டர் வரும்."

"அப்புறம்?"

"நோட்டீஸ்."

"அப்புறம்?"

"ஏலம்."

"எதை ஏலம் விடுவாங்க?"

"நம்ம வீட்டை."

"நம்ம வீடு இல்ல. உன் வீடு, உன் அண்ணன் வீடு. இதுல எனக்குப் போறது ஒண்ணுமில்ல. வாங்கற கட்டடம் என் பேர்ல. வைக்கற வீடு உங்க பேர்ல. அதை நெனப்புல வச்சுக்கிட்டு யோசி. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. நாளைக்கும் உனக்கு இதே சோறுதான் போடுவேன், உப்பு கொறைக்க மாட்டேன்."

"எனக்கு ஏற்கெனவே கொறைச்சாச்சு. டாக்டர் சொன்னாராம்," என்றான் அண்ணன்.

கடன் கேட்க வருகிறவர்கள் லாபத்தைச் சொல்லித்தான் நான் பார்த்திருக்கிறேன். என் கூட வேலை செய்கிறவள் ஒருத்தி அப்படிக் கேட்ட தம்பிக்கு நகையைக் கொடுத்துவிட்டு, இப்போது விசேஷங்களுக்குப் போவதில்லை. அண்ணி என் வாயாலேயே ஏலம் என்று சொல்ல வைத்தாள். அதுதான் என்னைச் சம்மதிக்க வைத்தது. அந்த வாரம் முழுக்க யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். ஆனால் முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

பேங்கில் கடன் பிரிவு அதிகாரி ஒரு பெண். மேசையில் கம்ப்யூட்டரும் ஒரு சின்னக் கள்ளிச்செடியும் மட்டும் இருந்தன. அண்ணியையும் அண்ணனையும் வெளியே உட்காரச் சொன்னார்.

"நீங்க கடன் வாங்கலை. வீட்டை மட்டும் குடுக்கறீங்க. யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லை."

"சொந்தத்துக்குள்ள பல சமயம் வெளியே தெரியாத கட்டாயம் இருக்கும். அதனாலதான் தனியா கேக்கறோம். கட்டலைன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"லெட்டர், நோட்டீஸ், ஏலம்."

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "யார் சொன்னாங்க?"

"அண்ணிதான். கடன் வாங்கறவங்க."

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

மதிப்பீட்டாளர் இரண்டு இடங்களுக்கும் வந்தார். எங்கள் வீட்டில் சுவரைத் தட்டினார், மாடிப்படியை அளந்தார். ஆஸ்பத்திரித் தெருவில் மூன்று போர்ஷன்களைப் பார்த்தார். மேலே பின்பக்கம் இருந்தது பூட்டியிருந்தது. மற்ற மூன்றைப் போலத்தான் அதுவும் இருக்கும் என்று எழுதிக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அண்ணி கண்ணாடிக் கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்தாள். விலகினால் அது திரும்பி வராது என்று பேச்சு.

பணம் வர இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானத்தில், அண்ணி என் லேபுக்கு வந்து நின்றாள். அவள் அங்கே வந்ததே இல்லை. கதவருகில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கினாள். தரை முழுக்க வெள்ளை மாவு. மேசை மேசையாக வாயில்லாத பற்கள்.

"எல்லாம் சிரிக்குதே," என்றாள். "வெளியே வா. பேசணும்."

படிக்கட்டில் உட்கார்ந்தோம். என் கையில் மெழுகு ஒட்டியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் ஏமாந்துட்டேன். மேல பின்வீடு ஒழுகுது. பீம் போயிடுச்சு."

"துணி சுத்தமா இருந்துச்சுன்னீங்களே."

"அந்த வீட்டுலேர்ந்து எனக்குத் துணியே வந்ததில்ல. மூணு வீட்டுத் துணியை மோந்து பாத்துட்டு நாலு வீடும் நல்லாருக்குன்னு நெனச்சுட்டேன். வராத துணியைப் பத்தி எனக்குத் தோணவே இல்ல."

புதுச் சொந்தக்காரி யார், வாடகை எவ்வளவு என்பதை நேரில் சொல்லிவிட ஒவ்வொரு போர்ஷனாகப் போயிருக்கிறாள். மேலே பின்பக்கத்தில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கதவை ஒரு சாண் திறந்து, "நான் துணி போடறதில்லம்மா," என்றாராம்.

"துணி வாங்க வரலைங்க," என்றிருக்கிறாள் அண்ணி. அதற்குள் வாடை வந்துவிட்டது.

உள்ளே அறை முழுக்கக் கொடி. கொடி முழுக்கத் துணி. துண்டு, விரிப்பு, பழைய சீருடைக் கோட்டு, எல்லாம் ஈரம். முந்தின இரவு மழை பெய்திருந்தது. மழை பெய்கிற இரவுகளில் இருக்கிற துணியையெல்லாம் தரையில் போட்டு, பிழிந்து, மறுபடி போட்டு வந்திருக்கிறார். கறுத்துப்போன அந்தத் துணிகளைக் கடையில் கொடுக்க வெட்கம்.

"ஏங்க ஓனர்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். சொன்னா ரிப்பேர் பண்ணணும்னு காலி பண்ணச் சொல்லுவாங்க, இந்த வாடகைக்கு நான் எங்க போவேன்னார்." என்றாள் அண்ணி. "அவருக்கு இடம் போயிடுமேன்னு பயம். இப்ப உனக்கும் அதே பயத்தைக் குடுத்துட்டேன்."

"பீம்னா எவ்வளவு மோசம்?"

"கொத்தனாரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டுத்தான் வர்றேன். கம்பி துருப்பிடிச்சு உப்பியிருக்கு. காரை கையோட வருது. ஆளை அப்படியே அமுக்கிடாது, ஆனா இன்னொரு மழைக்காலம் விடக்கூடாதுன்னார். நான் ரிப்பேருக்குன்னு வச்சிருந்த பணம் குழாய்க்குத்தான் காணும்."

"பேங்குக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. மொதல்ல உன்கிட்ட. இங்கேர்ந்து அங்கதான் போறேன்."

நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, கேட்டுவிட்டேன். "சொல்லாம விட்டா?"

"நாளான்னைக்குப் பணம் வந்துடும்."

"அப்புறம் என்ன?"

"நீ கையெழுத்துப் போட்டது ஈரம் இல்லாத கட்டடத்துக்கு. பணம் வர்றது வேற கட்டடத்துக்கு. அந்தக் கையெழுத்தை நான் எப்படி எடுத்துக்கறது?"

எழுந்து புடவையில் ஒட்டிய மாவைத் தட்டினாள். அது போகவில்லை. வெளுப்புத் தொழில் தெரிந்தவள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்படியே கிளம்பிப் போனாள்.

சாயங்காலம் நானும் போய்ப் பார்த்தேன். பெரியவர் எனக்கு உட்கார ஸ்டூல் போட்டார். அறையில் அது ஒன்றுதான் காய்ந்திருந்தது. கொத்தனார் ஆணியால் பீமைச் சுரண்டிக் காட்டினார். செம்மண் போல உதிர்ந்தது. பெரியவர் அதைத் துடைக்கத் துணி தேடினார். எல்லாம் கொடியில் இருந்தது.

"காலி பண்ணணுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். நான்தான் வாங்கப்போகிறவள் என்று நினைத்துவிட்டார்.

"அதை எங்க அண்ணிதான் சொல்லணும்," என்றேன்.

வீட்டில் அண்ணன் எங்களுக்காகக் காத்திருந்தான். அவனுக்குப் பாதி பயம், பாதி நிம்மதி.

"விட்டுடு," என்றான் அண்ணியிடம். "அட்வான்ஸ்தானே. போகட்டும். ரெண்டு வருஷம் நாலு மாநகரத்துத் துணியையும் சேர்த்து வெளுத்தா வந்துடும்."

"விட்டுடலாம்," என்றாள் அண்ணி. "விடறதுன்னாலும் சரி, வாங்கறதுன்னாலும் சரி. இனிமே சொல்லவேண்டியது அவதான்."

"நீங்க என்ன நெனைக்கறீங்க?" என்றேன்.

"நான் நெனச்சதுதான் இப்ப ஒழுகுதே." பிறகு சொன்னாள். "கணக்கு மட்டும் சொல்றேன். தீர்ப்பு சொல்ல மாட்டேன். கண்ணாடிக் கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். அவருக்கே விஷயம் தெரியல, பாவம். கண்ணாடியில கீறல் இருந்தா கொஞ்சம் தள்ளித் தருவோம்ல, அந்த மாதிரி கொறைச்சுக்கறேன்னார். கீறல் இல்லைங்க, ஓட்டைன்னேன். இன்னும் கொஞ்சம் இறங்கினார். அது பீமுக்குப் பாதி. மீதிப் பாதிக்கு நாங்க இந்தக் கீழ் வீட்டைக் காலி பண்ணறோம்."

"யாரு நாங்க?" என்றான் அண்ணன்.

"நீங்களும் நானும். இதை வாடகைக்கு விடலாம். வர்ற வாடகை நம்ம கைக்கே வர வேண்டாம். நேரா கடன் கணக்குக்குப் போகட்டும். இந்த வீட்டை வச்ச கடனை இந்த வீடே கொஞ்சம் கட்டும். தவணையில எனக்கு மிச்சமாகறது பீமுக்கு."

"நாம எங்க இருக்கறது? பஸ்லயா?"

"மேல பின்வீட்டுல."

அண்ணன் குறுக்கிட்டான். "அந்தப் பெரியவர்?"

"அந்தக் கட்டடத்துலயே கீழ ஒரு வீடு காலியாகுது. அங்க இருக்கற நர்ஸுக்கு மாத்தலாயிடுச்சு. அவர் அங்க வரட்டும், அதே வாடகைக்கு. படியேற வேண்டாம். தப்பாப் பாத்தது நான். அந்தக் கூரைக்குக் கீழ நான் படுத்தாத்தான் எனக்கு ஒவ்வொரு மழைக்கும் முழிப்பு வரும்."

"எனக்கெதுக்கு முழிப்பு வரணும்? நான் எதைத் தப்பாப் பாத்தேன்?"

"என்னைப் பொண்ணு பாத்தீங்கல்ல."

அண்ணன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். எங்கள் வீட்டுக் கூரை நல்ல கூரை. "அது சரி," என்றான். "அன்னைக்கும் இதே மாதிரி எல்லாத்தையும் நீதான் பேசின. நான் காபி குடிச்சேன்."

நான் மாடிக்குப் போனேன்.

எங்கள் வேலையில், பல்செட்டைக் கெட்டியாக்கும் முன்பு மெழுகோடு ஒரு முறை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். கடி சரியில்லையென்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும். மெழுகில் மாற்றுவது எளிது. சிலர் சொல்ல மாட்டார்கள். செய்தவருக்கு வருத்தமாக இருக்கும், டாக்டர் கோபிப்பார் என்று விட்டுவிடுவார்கள். கெட்டியான பிறகு ஈறு புண்ணாகும். நான் வேலை கற்ற இடத்தில் எல்லோருக்கும் வேலை சுத்தம். தன் தப்பைத் தானே மெழுகிலேயே காட்டுகிறவர் மட்டும் ஒருவர்தான் இருந்தார். அவரிடம்தான் டாக்டர்கள் கஷ்டமான வாய்களை அனுப்புவார்கள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் ஜன்னலை, மேசையை, அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் போகலாம். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அண்ணி என்னைத் தெரியாமல் இருக்க விடவில்லை.

மறுநாள் அதிகாரி எனக்குப் போன் செய்தார். லேபில் இயந்திரச் சத்தம். பிளாஸ்டர் மூட்டைகள் இருந்த அறைக்குள் போய்ப் பேசினேன்.

"உங்க அண்ணி நேத்து வந்தாங்க. அவங்களா வந்து சொன்னாங்க. மதிப்பீட்டாளரை இன்னைக்குக் காலையில மறுபடி அனுப்பினோம். கட்டடத்தோட மதிப்பைக் கொறைச்சிருக்கார்."

"கடன் கிடைக்காதா?"

"கிடைக்கும். கொஞ்சம் கொறைஞ்சு கிடைக்கும். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். கட்டடம் கொஞ்சம்தான் தாங்கும்னு ஆயிடுச்சு. அதனால உங்க வீடு முன்னைவிட அதிகமாத் தாங்கணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க மொதல்ல பாக்கறது உங்க வீடாத்தான் இருக்கும். அதுக்கு உங்க சம்மதம் புதுசா வேணும். அண்ணன் குடுத்துட்டார்."

"அண்ணன் குடுத்துட்டானா?"

"காலையில பஸ்ஸை எங்க வாசல்ல நிறுத்திட்டு வந்தார். பிள்ளைங்க இறங்கின பிறகுதான்னு சொன்னார்." அவர் குரலில் சிரிப்பு இருந்தது. பிறகு இல்லை. "அவர் குடுத்தாங்கறதுக்காக நீங்க குடுக்க வேண்டியதில்ல. இது நான் அதிகாரியாச் சொல்றது."

"அதிகாரியா இல்லாம?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த நாற்காலியில உக்காந்து எனக்கு ரொம்ப வருஷமாச்சு. தன் ஈடு மதிப்புக் கொறையும்னு தெரிஞ்சு, அதைச் சொல்றதுக்குன்னே வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். வேற எதுவும் நான் சொல்லக் கூடாது."

"நான் வர்றேன்," என்றேன்.

போனேன். புதிய காகிதத்திலும் பென்சில் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியின் மேலும் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது பக்கத்தில் என் பெயரின் வால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

அண்ணியிடம் கடையில் போய்ச் சொன்னேன். விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையை என்னிடம் நீட்டினாள். இருவரும் இழுத்து மடித்தோம். நான் போட்டுவிட்டேன் என்றதும் அவள் விரிப்பை மேசையில் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்தாள். நீராவி அதிகம் அந்த இடத்தில்.

"அதிகமாத் தாங்கணும்னு சொன்னாங்களா?" என்றாள்.

"சொன்னாங்க."

"சொன்னது புரிஞ்சுதா?"

"நல்லாவே புரிஞ்சுது அண்ணி. மறுபடி ஆரம்பிக்காதீங்க."

எங்கள் கீழ் வீட்டுக்கு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு தம்பதி வந்தார்கள். வாடகை நேராகக் கடன் கணக்குக்குப் போனது. ஒவ்வொரு மாதமும் போனதற்கான செய்தி என் போனுக்கும் வரும்படி அண்ணி செய்திருந்தாள். நான் கேட்கவில்லை. பெரியவர் நர்ஸ் இருந்த வீட்டுக்கு வந்து, முதல் முறையாகக் கடைக்குத் துணி போட்டார். அந்தப் பழைய கோட்டு மூன்று தடவை அலசியும் வாடை விடவில்லை. அண்ணி நான்காவது தடவை அலசினாள்.

பீமுக்கு முட்டுக் கொடுத்து, துருவைச் சுரண்டி, புதுக் கம்பி கட்டிப் பூசினார்கள். மொட்டைமாடித் தளக்கல்லைக் கொத்திவிட்டு மறுபடி போட்டார்கள். அது முடியும்வரை அண்ணனும் அண்ணியும் முட்டுக் கம்பங்களுக்கு நடுவில் படுத்தார்கள். இடப்பக்கம் திரும்பினால் கம்பம், வலப்பக்கம் திரும்பினால் முதலாளியம்மா என்று அண்ணன் ஸ்டாண்டில் சொல்லித் திரிந்தான். ஆனால் தண்ணீர்க் குழாய் மாற்றும்போது லீவு போட்டு அவனே கூட நின்றான்.

அந்த வருடத்தின் முதல் பெரிய மழை ஒரு மத்தியானத்தில் வந்தது. லேபின் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த வேலையை முடித்து, மேசையை மூடிவிட்டு ஆஸ்பத்திரித் தெருவுக்குப் பஸ் பிடித்தேன்.

அண்ணி கடையை விட்டுவிட்டு ஏற்கெனவே வந்திருந்தாள். அறை நடுவில் ஸ்டூல் மேல் நின்று, கூரையில் உள்ளங்கையை ஒட்டி வைத்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"காய்ஞ்சிருக்கு. எனக்குக் காய்ஞ்சிருக்குன்னுதான் தோணுது." கண்ணைத் திறந்தாள். இறங்கி, ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். "என்னோடது காய்ஞ்சிருக்கணும்னு நெனைக்கற கை. நீ பாரு."

ஏறினேன். பூச்சு குளிர்ச்சியாக இருந்தது, ஈரமாக இல்லை. ஸ்டூலை நகர்த்தி நகர்த்திப் பீம் நெடுகத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஜன்னல் மூலையில் விரல் நின்றது.

"இங்க ஈரம் அண்ணி."

"எவ்வளவு?"

"கை அகலம்."

அவள் ஜன்னல் விளிம்பில் கால் வைத்து எக்கித் தொட்டுப் பார்த்து இறங்கினாள். இல்லை என்று சொல்லவில்லை. கொத்தனாருக்குப் போன் செய்து, மழை விட்டதும் வரச் சொன்னாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற எங்க?"

இறங்கி, ஸ்டூலை அடுத்த மூலைக்கு நகர்த்தினேன்.